பாதிக் கார்

கம்பெனியில் சோதனை ஓட்டுநரைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தய நாட்களில் அவர் வருவதைக் கண்டால் வளைவுகளே பயந்து நேராகிவிடுமாம். அதைச் சொல்லிப் பரப்பியவர் பெரும்பாலும் அவரே. அப்பேர்ப்பட்டவர் முன்னால், அவர் மனைவியின் தம்பி வருஷக்கணக்காக மூளையைக் கசக்கி உருவாக்கிய அறுநூறு சிசி பைக் நின்றது. கார் எஞ்சினைப் பாதியாக நறுக்கி முன்பக்கம் படுக்கவைத்திருந்தான். க்ளட்ச் கிடையாது, கியர் தானே மாறும். புயல் சரியென்றால் தயாரிப்பு, இல்லையென்றால் பழைய இரும்பு என்று முதலாளி முடித்துவிட்டார்.

“இது வண்டியா மச்சான், சக்கரம் வச்ச சோபாவா?”

“ஓட்டிட்டுச் சொல்லுங்க மாமா. ஒண்ணே ஒண்ணு, பெட்ரோல் டேங்க்...”

“எனக்கே பாடமா? தள்ளுடா.”

வண்டி உறுமவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. அதுவே புயலுக்குக் கேவலமாக இருந்தது. அவர் விட்ட கொட்டாவியில் வழியிலிருந்த கொசுவெல்லாம் உள்ளே குடியேறின. பெட்ரோல் முள்ளோ இறங்குவேனா என்றது. ‘முள்ளும் பொய் சொல்லுது.’ நிரப்பிப் பார்த்துக் குட்டை உடைத்துவிடலாம் என்று பங்க்கில் நுழைந்தார்.

“பாதிக் கார்மா இது. எங்க மச்சான் மூளை மாதிரியே பாதி” என்று பெட்ரோல் போடும் பெண்ணிடம் அளந்தபடியே, சீட்டுக்கு முன்னாலிருந்த மூடியைத் தூக்கி, குழாயைத் தானே வாங்கிச் செருகினார். குனிந்து வேறு பார்ப்பாரா?

“சார்.”

“நிரம்பட்டும்மா.”

“சார், டிபன் மிதக்குது.”

டேங்க் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாமான் பெட்டி. அதில் அவர் மனைவி தம்பியிடம் கொடுத்தனுப்பிய டிபன் டப்பா நீச்சலடித்தது. நிஜ டேங்க் பின்சீட்டுக்கு அடியில், முக்கால் வயிறோடு உட்கார்ந்திருந்தது.

வண்டியை ஒழித்துக்கட்டக் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. ஆனால், ஊற்றியது யார் என்று முதலாளி கேட்பாரே? பெட்ரோலை மொண்டு, பெட்டியைத் துடைத்து, காயவைத்துத் திரும்பினார்.

“தூங்குமூஞ்சி வண்டி சார்” என்றார் முதலாளியிடம். “ஆனா பாஸ். அந்தப் பெட்டி மூடில மட்டும் ‘இதுல பெட்ரோல் ஊத்தக்கூடாது’ன்னு பெரிசா எழுதணும்.”

முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். மச்சான் மூக்கை உறிஞ்சிப் பெட்ரோல் வாடை பிடித்தான். பெட்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

“எழுதிடலாம் மாமா. முட்டாளேன்னு ஆரம்பிக்கட்டுமா?”

“வேணாம்” என்றார் புயல். “மரியாதையா எழுது.”