ஐந்தரை நாழிகை

1906 பிப்ரவரி 4, ஞாயிறு. இன்று காலை ஒரு சிறு பிழை செய்தேன். பெருக்கலில் அல்ல, மணி எண்ணத் தொடங்கிய இடத்தில்.

இதை எழுதிவிட்டு அம்மையப்பன் பேனாவைத் துடைத்தான். கல்யாண வீட்டுச் சத்தம் இன்னும் அடங்கவில்லை.

சேரன்மகாதேவியில் தங்கை பிரம்மநாயகிக்குக் கல்யாணம். உதயத்திலிருந்து ஐந்தரை நாழிகை வரை கும்ப லக்கினம், அதற்குள் தாலி ஏற வேண்டும் என்று சோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிஷம். உதயம் ஆறு மணி. ஆக, எட்டு பன்னிரண்டோடு லக்கினம் முடிகிறது. மாலை வகுப்பில் கணக்குப் படிக்கும் அம்மையப்பன் மூன்று தடவை பெருக்கிப் பார்த்துத்தான் அப்பாவிடம் சொன்னான்.

எட்டு மணியாகியும் மாப்பிள்ளை வரவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த வண்டி அச்சு முறிந்து கால்வாய்க் கரையில் நிற்பதாக ஆள் ஓடி வந்து சொன்னான். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு முதலிலிருந்தே இந்தச் சம்பந்தம் பிடிக்காது. லக்கினம் தவறினால் சகுனம் சரியில்லை என்று வண்டியைத் திருப்பிவிடுவாள்.

அம்மையப்பன் கையிலிருந்த கடியாரத்தில் முள் பன்னிரண்டாம் நிமிஷத்தைத் தாண்டியது.

"லக்கினம் போயிட்டு," என்றான் அம்மையப்பன்.

"போயிட்டுன்னு சொல்லவா ஒனக்குப் படிப்பு?" தாய்மாமன் முத்துமாலைப் பிள்ளை பாய்ந்தார். "புள்ள உள்ள அழுதுக்கிட்டு கெடக்கால!"

அந்நேரம் பார்த்துத் தெருமுனையில் மாற்று வண்டியின் சலங்கை கேட்டது.

அம்மையப்பனுக்குத் தன் கணக்கின் மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. நான்காம் தடவை பெருக்கினான். சரியாகவே வந்தது. அப்படியானால் அந்த ஆறு மணி? கடியாரம் ஆறு காட்டியபோது, தோரணம் கட்டுகிறவர்களுக்கு அரிக்கேன் விளக்கல்லவா பிடித்துக்கொண்டிருந்தான்!

"அப்பா, சூரியன் எப்ப எழும்புச்சு?"

"ஆத்துல கும்பிட்டுட்டு நேரா வந்து ஒங்கிட்டதான மணி கேட்டேன்? ஆறே முக்கால்னு சொன்னியேலே!" என்றார் அப்பா பாபநாசம் பிள்ளை.

பளிச்சென்று விளங்கியது. தை மாசத்துச் சூரியன் எழுவதே தாமதம். போதாததற்கு, போன மாசம் வந்த ரயில்வேயின் புது மணிப்படி அவனே ஸ்டேஷனுக்குப் போய்த் தன் கடியாரத்தின் முள்ளை முன்னே தள்ளி வைத்திருந்தான். முள் முந்திப் போயிற்று, சூரியன் போகவில்லை!

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். தெருமுனையில் பெரியம்மா வண்டியைத் திருப்பும்படி வண்டிக்காரனிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு மாமா, இருக்கு!" மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்துக் கத்தினான். "உதயமே ஆறரைக்கு மேலதான். இன்னும் அரை மணி லக்கினம் இருக்கு. எறங்குங்க!"

"சூரியன் என்ன ஒங்க வீட்டு ஆளா?" என்றாள் பெரியம்மா.

"ஆத்துக்குப் போன ஊர்ச்சனம் பூராவும் சாட்சி அத்தை! யாரை வேணும்னாலும் கேளுங்க!"

மாப்பிள்ளை அதற்கு மேல் காத்திருக்கவில்லை. வண்டியிலிருந்து குதித்து, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தார். நடையா அது, ஓட்டம்! முத்துமாலைப் பிள்ளை அவரை மணையில் அமுக்கி உட்கார வைக்க, கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியபோது எட்டு நாற்பது கூட ஆகவில்லை.

அம்மையப்பன் பேனாவை மறுபடி மையில் தொட்டு எழுதினான்:

நாளை விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய், சூரியன் எழும் மணியைக் கடியாரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும்.