விளம்பரத்தில் வைத்த மொய்

நான் ப்ளாகில் எழுதியதெல்லாம் உண்மை. புயலில் எங்கள் கிணறு பறந்துபோய் பக்கத்து ஊரில் உட்கார்ந்ததும், அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரத்தில் திரும்பி வந்ததும் உண்மை. மடைச் சாவியைத் தூக்கிக்கொண்டு போன நண்டு, ஒரு போகம் முழுக்க யாருக்கும் பாரபட்சம் பார்க்காமல் தண்ணீர் திறந்துவிட்டதும் உண்மை. இதையெல்லாம் படித்தவர்கள் ரசித்தார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் நம்பவில்லை. அது இது.

எனக்கு அறுபது முடிந்த ஆவணியில், என் நட்சத்திரத்தன்று காலையில், நான் திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக நிற்க வேண்டியவன். அன்றைக்கென்று பார்த்து எங்கள் வாய்க்காலுக்கு முறை வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் என்றால் ஊர் ஊராக முறை வைத்துத்தான் விடுவார்கள். நம் முறையில் நாம் மடையில் நிற்காவிட்டால், தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய் அங்கேயே குடித்தனம் ஆரம்பித்துவிடும். நான் மடையில் நின்றேன். என் சம்சாரம் வள்ளியம்மை பட்டுப்புடவையோடு வாசலில் நின்றாள். வாடகைக் கார் தெருவில் நின்றது. கடைசியில் காருக்கு மட்டும் மரியாதை செய்து அனுப்பினோம்.

பத்து வருஷம் அதைப்பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு எழுபது நெருங்கியதும் சிங்கப்பூரிலிருந்து மகன் ராஜ்குமார் போன் செய்தான். இந்தத் தடவை திருக்கடையூரில் எல்லாச் செலவும் தன்னுடையது, அம்மாவுக்குத் தாலியும் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னான். அப்போதுதான் திறந்தாள்.

"சாப்பாட்டுக்கு, ஐயருக்கு, மேளத்துக்கு அவன் குடுக்கட்டும். தாலி கட்டுறது நீங்க, நீங்கதான் வாங்கணும். ஆனா நெல்லு வித்த காசுல வாங்கிட்டு வந்துடாதீங்க. அந்த நெல்லுக்காகத்தானே அன்னைக்கு என்னை வாசல்ல நிக்க வச்சீங்க. அது போட்ட தாலி என் கழுத்துக்கு வேணாம்."

என்னிடம் இருந்தது நெல் ஒன்றுதான். அதை விட்டால் வாய். வாயால் சம்பாதிக்க என்ன வழி என்று ராஜ்குமாரிடம் கேட்டேன். அரசியலுக்கு வயசாகிவிட்டது, ப்ளாக் எழுதுங்கள் என்றான். போனிலேயே வழி சொல்லி ஆரம்பித்தும் கொடுத்தான். 'குடவாசலுக்குக் கிழக்கே' என்று பேர் வைத்தேன்.

முதல் மாதம் என் ப்ளாகுக்கு வந்தவர்கள் நான், ராஜ்குமார், அப்புறம் ஏதோ ஒரு நாட்டிலிருந்து வழி தவறி வந்த ஒருவர். அவரும் கிணறு பறந்ததைப் படித்துவிட்டுப் பறந்துவிட்டார். மகன் சொன்னான், நீங்கள் எழுத நினைப்பதை யாரும் தேடுவதில்லை, ஜனங்கள் தேடுவதைத் தலைப்பில் வையுங்கள், தானாக வருவார்கள் என்று. சரி என்று 'குருத்துப்பூச்சியை ஒழிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்தேன். உள்ளே, எங்கள் வயல் பூச்சிகளோடு நான் வரப்பில் உட்கார்ந்து பேசி, அவை குடும்பத்தோடு வேறு ஊருக்குக் கிளம்பிப்போன விவரத்தை எழுதினேன். நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் திட்டினார்கள். திட்டியவர்களில் பாதிப்பேர் மறுநாளும் வந்தார்கள். அந்தப் பூச்சிகள் இப்போது எந்த ஊரில் இருக்கின்றன என்று ஒருவர் கவலையாகக் கேட்டிருந்தார். அவருக்கு அதே ஊராம்.

ஆனால் ப்ளாகைத் தூக்கி நிறுத்தியது வள்ளியம்மை. பத்து வருஷத்தில் அவள் திருக்கடையூரில் பார்க்காத அறுபதாம் கல்யாணம் கிடையாது. அக்கம்பக்கம், சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், எல்லோருடையதும். தன்னுடையது ஒன்றுதான் பாக்கி. காலையில் எத்தனை மணிக்குள் போனால் கூட்டத்தில் மாட்டாமல் உட்காரலாம், வயசானவர்கள் எந்தப் பக்கம் செருப்பை விட்டால் வெயிலில் கால் சுடாமல் திரும்பலாம், எந்தக் கடைக் காபியைக் குடிக்கக் கூடாது என்று அவள் காய் நறுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு இடத்தில் யானை ஒன்றை நுழைக்கப் பார்த்தேன். "அங்க என்ன யானை, எடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன். மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்து அப்பா அம்மாவுக்கு அறுபது செய்யப்போகும் பிள்ளைகள் எல்லோரும் அதைப் படிக்க வந்தார்கள். வந்தவர்கள் நண்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கூட்டம் சேர்ந்ததும் ராஜ்குமார் ஒரு விளம்பரக் கம்பெனியில் என் ப்ளாகைச் சேர்த்துவிட்டான். என் கதைக்கு நடுவில் அவர்கள் சோப்பும் செருப்பும் காட்டுவார்கள். படிக்கிறவர் அதைத் தொட்டுப் பார்த்தால் எனக்குச் சில்லறை விழும். ஒரு அளவு சேர்ந்ததும் பேங்குக்கு வந்துவிடும். ஆனி மாதம் அந்த அளவுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நான் கும்பகோணத்து நகைக்கடைகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குணசேகரன் வீட்டுக் காதுகுத்து வந்தது. குணசேகரன் வள்ளியம்மையின் தம்பி. நல்ல மனுஷன். நல்லது செய்ய ஆரம்பித்தால் அவனைப் பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டும், அன்றைக்கு நாலு பேரும் பந்தியில் இருந்தார்கள். குடவாசலில் மண்டபம் பிடித்துப் பேரனுக்குக் காது குத்தினான். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, ப்ளாகில் காசு எப்படி அத்தான் வருகிறது என்று கேட்டான். விளம்பரத்தை யாராவது தொட்டால் வரும் என்று சொன்னேன். அக்காவுக்குத் தாலி வாங்கத்தான் இத்தனையும் என்றும் சொன்னேன். முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும், இல்லை, அதையும் சொல்லாமலே இருந்திருக்க வேண்டும்.

அவன் நேரே போய் மொய் மேசைக்குப் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தான்.

"நம்ம அத்தான் எந்த வீட்டு விசேஷத்துக்கும் மொய் வைக்காம போனவர் இல்ல. இப்ப அவர் நம்மகிட்ட எதுவும் கேக்கல. நாமளா செய்யணும். எல்லாரும் போனை எடுங்க. அத்தான் ப்ளாக்ல விளம்பரம் வருது பாருங்க, அதைத் தொடுங்க. அதான் அக்காவுக்கு நாம வைக்கிற மொய்."

மண்டபம் முழுக்கக் கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தது. கழுவாமலும் சிலர் எடுத்தார்கள். எத்தனை தடவை தொடுவது என்று ஒரு சந்தேகம் வந்தது. மொய்யில் என்ன சந்தேகம், கடைசியில் ஒன்று நிற்க வேண்டும் என்று ஒரு பெரியம்மா தீர்த்து வைத்தாள். ஆகவே ஆளுக்கு நூற்றியொன்று. நெருங்கிய சொந்தம் என்றால் ஐந்நூற்றியொன்று. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விரலைப் பிடித்து வைத்துத் தொட்டார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு இடது கையால் தொட்டார், அவருக்கும் நாங்கள் தூரத்துச் சொந்தம். ஒவ்வொருவராக என்னிடம் வந்து, மாமா நான் வைத்துவிட்டேன், பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டிலும் ஆவணியில் விசேஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வந்தி என்று ஒரு பெண், தனக்குச் செருப்பு விளம்பரமே வருகிறது, அது மொய்க்கு ஆகுமா, சோப்பு வரும்வரை இருக்கட்டுமா என்று கேட்டாள். வள்ளியம்மை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு மைக்கைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ராஜ்குமார் படித்துச் சொன்னான். ஒரே ஊரில், ஒரே மதியத்தில், ஒவ்வொரு போனிலிருந்தும் கணக்காக நூற்றியொரு தடவை, சிலவற்றில் ஐந்நூற்றியொரு தடவை தொட்டிருக்கிறது, இது மனிதர்கள் செய்கிற காரியம் இல்லை, ஏதோ இயந்திரம் வைத்துச் செய்திருக்கிறீர்கள், ஆகவே கணக்கை மூடுகிறோம், சேர்ந்த காசும் கிடையாது. விளம்பரத்தைத் தொடச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது என்பது அவர்களுடைய முதல் விதியாம். அதை எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு மகன் வருத்தப்பட்டான். நான் சொன்னேன், நீ சொல்லியிருந்தாலும் குணசேகரனுக்கு யார் சொல்வது?

கம்பெனிக்கு நானே பதில் எழுதினேன். மகன் இங்கிலீஷில் மாற்றி அனுப்பினான். ஐயா, நான் பொதுவாகக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்கிறவன், இதில் ஒரு சொல் கூட்டவில்லை. அது இயந்திரம் இல்லை, என் சொந்தக்காரர்கள். இயந்திரமாக இருந்தால் நூறோடு நிறுத்தியிருக்கும். ஒன்று கூட்டி வைப்பது மனிதர்கள்தான், அதுவும் எங்கள் பக்கத்து மனிதர்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த காதுகுத்துக்கு உங்கள் ஆட்களை அனுப்புங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

முடிவில் மாற்றம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வள்ளியம்மையிடம் சொன்னேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "போகட்டும் விடுங்க, பழைய தாலியையே கழட்டி மறுபடி கட்டுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

அன்று மத்தியானமே கம்பெனிக்கு நான் எழுதிய கடிதத்தை அப்படியே ப்ளாகில் போட்டேன். வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை. அதுதான் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆளாளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். எனக்கே மூன்று சொந்தக்காரர்கள் அனுப்பி, யாரோ குடவாசல் பக்கம் எழுதியிருக்கிறான், படித்துப் பாருங்கள் என்றார்கள். கீழே கருத்துகள் வண்டி வண்டியாக. எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். பெரியவரே, கிணறு பறந்ததைக்கூட நம்பினோம், இது ரொம்ப ஓவர்.

நம்பியது ஒரே ஒருத்தர். கூத்தாநல்லூரிலிருந்து மெஹராஜ் பேகம் என்று ஒரு அம்மா போன் செய்தார்கள். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுத் தம்ரூட் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறவர்கள்.

"அண்ணே, நீங்க எழுதினது அத்தனையும் நெசம்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு ஆளுங்களா இருந்தா ஆயிரத்தியொண்ணு தொட்டிருப்பாங்க. உங்ககிட்ட வர்றவங்க பாதிப்பேர் வெளிநாட்டுக்காரங்க. எனக்கும் அவங்கதான் வேணும். நடுவுல கம்பெனி எதுக்கு? என் விளம்பரத்தை நேரா போடுங்க, மாசாமாசம் நான் தர்றேன். யாரும் எதையும் தொட வேணாம்."

நான் சரி என்று சொல்வதற்குள் அவர்களே தொடர்ந்தார்கள்.

"ஒரே ஒரு கண்டிஷன். என் தம்ரூட்டைப் பத்தி மட்டும் புளுகக் கூடாது."

டப்பா வந்தது. சாப்பிட்டேன். எழுத உட்கார்ந்தேன். நண்டைப் பற்றி எழுத எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று, தம்ரூட்டுக்கு ஒரு வாரம். இதைத் தின்ற எங்கள் ஊர்க் கிழவருக்குப் பல் முளைத்தது என்று தொடங்கி அடித்தேன். வாசனை பிடித்து எருமை போன் செய்தது என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'நன்றாக இருக்கிறது. என் சம்சாரம் இரண்டாவது துண்டு கேட்டாள்.' இந்த ஆளே இதற்கு மேல் சொல்லவில்லை என்றால் உண்மையாகவே நன்றாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆர்டர் குவிந்தது. பேகம் அம்மா சொன்னதற்கு மேலேயே அனுப்பினார்கள், ரூபாயில், ஒன்று கூட்டி.

அந்தக் காசோடு கும்பகோணம் போனேன். நான் கடைப் படி ஏறும்போது ஒரு விலை, உள்ளே நாற்காலியில் உட்காரும்போது வேறு விலை, தண்ணீர் குடித்து நிமிர்ந்தபோது என் காசுக்கு ஒரு பொட்டுத் தங்கம்தான் வந்தது. தாலிதான், சந்தேகமில்லை. கடைக்காரரே பூதக்கண்ணாடி வைத்து உறுதிப்படுத்தினார்.

ஆவணியில் என் நட்சத்திரம் வந்தது. காலையிலேயே திருக்கடையூரில் கலசத்து முன்னால் மணையில் உட்கார்ந்தாயிற்று. செருப்பெல்லாம் சரியான பக்கத்தில். ஐயர் ஆரம்பித்து, குணசேகரன் பயபக்தியோடு போனை அணைத்து வைத்த சமயம், என் மடிக்குள் போன் அதிர்ந்தது. என் வயலுக்கு அடுத்த வயல்காரன் நெடுமாறன்.

"மாமா, நம்ம வாய்க்காலுக்கு முறை வந்துடுச்சு. தண்ணி தலைமடைக்கு வந்தாச்சு. எங்க இருக்கீங்க, உடனே வாங்க."

வள்ளியம்மை தலையைத் திருப்பவில்லை. ஆனால் கேட்டுவிட்டாள் என்பது அவள் மாலையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. குறுவை நெல் பால் பிடிக்கிற நேரம். அடுத்த முறை எப்போதோ. ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டார், அவருக்கும் நாலு மா நிலம் இருக்கிறது.

"நெடுமாறா, என் முறையையும் நீயே எடுத்துக்கோ. எனக்குக் கல்யாணம் நடந்துகிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மேளம் கொட்டியது. தாலியைக் கட்டினேன். கண்ணில் படாததால் இரண்டு தடவை தடவிப் பார்த்து முடிச்சுப் போட்டேன். வள்ளியம்மை குனிந்து பார்த்தாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றி மறுபடி பார்த்தாள்.

"எம்பதுக்கு இதைவிடக் கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது காரிலேயே அன்றைய கதையை ஏற்றிவிட்டேன். அவள் கழுத்தில் கட்டிய தாலி கோயில் மணி அளவு இருந்தது, அதைத் தூக்க நாலு பேர் வந்தார்கள் என்றும், நான் விட்டுக்கொடுத்த தண்ணீர் நெடுமாறன் வயலில் இருக்க மனசில்லாமல், வரப்பைத் தாண்டி தானே என் வயலுக்கு வந்து சேர்ந்தது என்றும் எழுதினேன். தண்ணீர் விஷயம் உண்மைதான். நெடுமாறன் அவன் பக்கத்து வரப்பை வெட்டிவிட்டிருந்தான்.

சாயங்காலம் பார்த்தால் கீழே புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது. அந்தப் பேரில் இதுவரை யாரும் எழுதியதில்லை.

'தாலி அளவு மட்டும் பொய். மத்ததெல்லாம் நான் பக்கத்துல இருந்து பார்த்தது. வள்ளியம்மை.'