வேர் இங்கே, பூ அங்கே

படுக்கையறை ஜன்னலை மூடிக்கிடந்த காகிதப்பூக் கொடியை வெட்டியபோது, மனைவிக்கு வெளிச்சம் வரட்டும் என்றுதான் அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நினைத்தார். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவளுக்கு வேறென்ன செய்யத் தெரியும் அவருக்கு?

சத்தம் கேட்டு அவள் தலையைத் திருப்பினாள்.

"அடப்பாவி மனுஷா! நுனியிலதானே அது பூக்கும். மொட்டு வந்திருந்ததே, பாக்கலையா? இனி அது துளிர்த்துப் பூக்கறவரைக்கும் நான் இருக்கப்போறேனா?"

கத்தரி கையில் கனத்தது.

கொடி அவள் நட்டது. ஒரு குச்சிதான். இரண்டே வருடத்தில் மதிலை விழுங்கி, பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் கொட்டகைமேல் ஏறிவிட்டது. வெயில் அந்தப் பக்கம். பூவும் அந்தப் பக்கம். "வேர் நம்ம வீட்ல, சிரிப்பு அடுத்த வீட்ல. அப்படியே உங்க குணம்" என்று கேலி செய்வாள். இந்த வருடம்தான் ஜன்னல் பக்கமும் மொட்டுக் கட்டியிருந்தது.

"டீச்சர்கிட்ட ஒரு கொத்து கேளுங்களேன்."

கேட்பதா! உதிர்ந்த பூ வாய்க்காலை அடைக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னதற்கு, "காத்துக்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று எடுத்தெறிந்து பேசியவர் அவர். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை.

இருந்தும் மதிலருகே போய் நின்றார்.

"என்ன டிரைவர் சார், காத்து இந்தப் பக்கம் அடிக்குது?"

"அவளுக்கு ரொம்ப முடியலம்மா. பூ பாக்கணுங்கறா. ஜன்னல்ல இருந்தத நானே வெட்டித் தொலைச்சிட்டேன்."

டீச்சரம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். இதுவும் வேண்டியதுதான் என்று அவர் திரும்பியபோது, மதிலுக்கு அப்பால் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"ஒரு கொத்து வேணாம் சார். அறுத்தா சாயந்தரமே வாடிடும். வேரோட இருக்கட்டும். பிடிங்க! முள்ளு, பாத்து."

பூத்த கொடிகள் ஒவ்வொன்றாக மதில் தாண்டி வந்தன. பழந்துணியால் அவற்றை ஜன்னல் கம்பியில் கட்டினார். அறை இளஞ்சிவப்பானது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"வந்துட்டியா, ஓடுகாலி!"

ஆண்டவன் அவளுக்கு மிச்சம் வைத்திருந்த விடியல்கள் கொஞ்சம்தான். அத்தனையிலும் பூ இருந்தது.

துக்கத்துக்கு வந்த டீச்சரம்மாவின் கைகளில் முள் கிழித்த கோடுகள் இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் டிரைவர் அழுதார்.

காரியமெல்லாம் முடிந்ததும் ஜன்னல் கட்டுகளை அவிழ்த்தார்.

"இங்கயே இருக்கட்டுமே சார்."

"வேணாம்மா. வெயில் உங்க பக்கந்தானே. இந்த இருட்டுல அது என்ன பண்ணும்?"

இப்போது தினமும் காலையில் துடைப்பத்தோடு போய் அடுத்த வீட்டு வாய்க்காலில் உதிர்ந்த பூவைக் கூட்டுகிறார். டீச்சரம்மா தடுப்பதில்லை. "அடுத்த வீட்லயே சிரிச்சுக்கிட்டிரு" என்று டிரைவர் குனிந்தபடி யாரிடமோ சொல்வது மட்டும் சில நாள் அவர் காதில் விழும்.