அருந்ததி பேசாத கூட்டம்

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தாதியருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அந்தச் சிறிய வைத்தியசாலையில் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மே மாதம்தான் கடிதம் வந்தது. பெண்கள் வாட்டின் பொறுப்புத் தாதி அருந்ததியின் பெயர் அதில் இருந்தது.

அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் றுஸைனா. அதே வாட்டில் ஒன்பது வருடமாகத் தாதியாக வேலை பார்ப்பவள்.

"மிஸ், டெங்கு ரூம் விஷயத்த அந்தக் கூட்டத்தில எடுக்கப் போறாங்களாம். ஸ்கேன் மெஷின் வைக்க அந்த ரூம் வேணுமாம். ஆறு கட்டிலையும் பின்பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டு போனா நாங்க எப்படிப் பாக்கிறது? நம்ம மேசையில இருந்து ஒரு கட்டிலும் தெரியாதே. நீங்க கட்டாயம் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் அருந்ததி.

சொல்லத்தான் நினைத்திருந்தாள். டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பது இருபத்தாறு வருட வேலையில் அவள் நன்றாக அறிந்தது. நோயாளி எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுவார். உள்ளே இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும். மணிக்கொரு தடவை அழுத்தம் பார்த்து எழுதினால் மட்டும் போதாது. போகும்போதும் வரும்போதும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கூட்டம் வைத்திய அத்தியட்சகர் டொக்டர் உருத்திரமூர்த்தியின் அறையில் நடந்தது. பேச்செல்லாம் சிங்களத்தில். அருந்ததிக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அது ஒரு தடையில்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவள் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகிய மேலதிகாரிகள். எல்கடுவ தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் கர்ப்பிணிகள் இனி ஸ்கேன் எடுக்க டவுனுக்கு அலைய வேண்டியதில்லை என்று டொக்டர் சொன்னபோது எல்லாருடைய முகமும் மலர்ந்தது. நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பதாக நினைப்பார்களோ என்று அவளுக்குப் பட்டது.

"தாதியர் பக்கத்திலிருந்து ஏதாவது?" என்று டொக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை சேர்" என்றாள்.

வாட்டுக்குத் திரும்பியபோது றுஸைனா ஊசி மருந்துத் தட்டோடு வாசலிலேயே நின்றாள். "என்ன மிஸ், சொன்னீங்களா?"

"சொன்னேன். அவங்க கேக்கல்ல."

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று அருந்ததிக்கே தெரியவில்லை. "நம்ம பேச்ச எப்பதான் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு றுஸைனா மருந்து கொடுக்கப் போனாள். அடுத்த வாரம் கட்டில்கள் பின்கட்டடத்துக்குப் போயின.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆள் பற்றாக்குறையால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து றுஸைனா ஒருத்திதான். டெங்குப் பக்கத்தில் றிஸ்னா என்ற இளம்பெண் இருந்தாள். அலுவிகாரையில் பாலர் பாடசாலை ஆசிரியை. அன்று காலைதான் காய்ச்சல் விட்டிருந்தது. இரண்டு மணிக்கு றுஸைனா அழுத்தம் பார்த்து எழுதியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. திரும்பி வந்தபோது முன்வாட்டில் ஓர் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஒட்சிசன் பொருத்தி, டியூட்டி டொக்டரைக் கூப்பிட்டு, அந்த அம்மாவை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டுப் பின்கட்டடத்துக்கு ஓடியபோது மணி மூன்றரை.

றிஸ்னா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கைகால் சில்லிட்டிருந்தன. நாடி பிடிபடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் அவள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் போராடியும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

"ரெண்டு மணிக்கு என்னோட போன்ல நல்லாக் கதச்சாளே" என்று அவளுடைய கணவன் றம்ஸி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் யாரையும் ஏசவில்லை. அதுதான் றுஸைனாவால் தாங்க முடியாததாக இருந்தது.

விசாரணை பத்து நாள் கழித்து அதே அறையில் நடந்தது. மாகாண சுகாதாரத் திணைக்களத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். மூன்று மணிக்குரிய அழுத்தம் ஏன் பதியப்படவில்லை என்று றுஸைனாவைக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். பிறகு அவள் குரல் உயர்ந்தது.

"அந்தக் கட்டில்கள அங்க கொண்டுபோக வேணாம்னு கூட்டத்திலயே அருந்ததி மிஸ் சொன்னாங்க. யாரும் கேக்கல்ல. இப்ப என்னைக் கேக்கிறீங்க."

டொக்டர் கூட்ட அறிக்கையைப் புரட்டினார். தாதியர் தரப்பும் உடன்பட்டதாக அதில் எழுதியிருந்தது. அவர் தலை நிமிர்ந்து அருந்ததியைப் பார்த்தார்.

"நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

றுஸைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், துணைக்கு ஆள் இருக்கிற நம்பிக்கையோடு.

"இல்ல சேர். எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் ஒண்ணும் சொல்லல்ல. சொன்னேன்னு றுஸைனாகிட்ட பொய் சொன்னேன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த அறையையே மெஷினுக்கு விட்டிருப்பேனே அருந்ததி. மெஷினுக்கு வேண்டிய ஏ.சி.யும் இங்க இருக்கு. எனக்கு உக்கார வேற இடமா இல்ல?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த வாரமே ஸ்கேன் இயந்திரம் அவருடைய அறைக்கு மாறியது. கட்டில்களும் பழைய இடத்துக்கு வந்தன. அரை நாள் வேலை. றுஸைனாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தவறு தன்மீதும் இருக்கிறது என்று அருந்ததி எழுதிக் கொடுத்தாள். அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கடிதத்தைத் திருப்பி எடுக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் அவள் றுஸைனாவைத் தனியாகப் பிடித்தாள். "என்னை மன்னிச்சிரு. நான் வேற என்ன செய்யணும்னு சொல்லு."

றுஸைனா தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் புள்ள எனக்கிட்ட தோடம்பழச் சாறு கேட்டிச்சு மிஸ். இந்தா வாறேன்னு சொல்லிட்டுப் போனேன். அதத்தான் நெனச்சிட்டிருக்கேன். உங்களப் பத்தி நெனக்க இன்னும் நேரம் வரல்ல."

செப்டெம்பரில் றுஸைனா வில்கமுவவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் விரும்பிப் போகாத இடம், பஸ்ஸும் குறைவு. போகும் நாளில் வாட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். அருந்ததியிடம் நோயாளிகளின் விவரத்தை ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்தாள். ஏழாம் கட்டிலுக்கு ஆறு மணிக்கு சேலைன் மாற்ற வேண்டும் என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அருந்ததி இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாள். இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறாள். கவனமாகக் கேட்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவளால் சாப்பிட முடிவதில்லை.