வெள்ளைத் தாள்

"தாளை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. கன்னத்தை ஒட்டி. ஆங், அப்படித்தான்."

விளக்குக் கடையின் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர், வெள்ளைத் தாளைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டார். "திருடனைப் பிடிச்சாதான் கையில இப்படி ஒண்ணைக் கொடுத்துப் படம் எடுப்பாங்க," என்றார்.

"பேசாதீங்க. உங்க வேஷத்துக்கு வசனமே கிடையாது."

"வீட்ல பழகின வேஷம்தானே."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கேமரா ஆடிவிடுமே என்று உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. பத்து நிமிடக் குறும்படம், அவளே எழுதியது. சாப்பாட்டு மேசையில் மனைவிக்காகக் காத்திருக்கும் ஒருவனின் கதை. கதாநாயகன், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர். அவள் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோ முதலாளி தன் விளக்குகளை இரவல் தருவதாகத்தான் சொன்னார். ஆனால் அவை பளிச்சென்று ஒருமுறை மின்னி அணைகிறவை. படத்துக்கு நின்று எரிகிற விளக்கு வேண்டும். வீட்டு டியூப் லைட்டில் எடுத்தால் கேமராவில் கோடு கோடாக ஓடியது.

கடைக்குள் நுழைந்ததும், சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் பெரிய விளக்கொன்றை ஆசையாகத் தடவிப் பார்த்தாள். "தொட்டதுக்கே வாடகை கேக்கப் போறாரு, கையை எடு," என்று கணவர் காதோடு சொன்னார். கைக்கு எட்டும் விலையில் இரண்டுதான் மிஞ்சின. துணி மூடிய பெட்டிக்குள் நான்கு பல்பு எரிவது ஒன்று. பலகை மாதிரி தட்டையான எல்இடி மற்றொன்று.

"பொட்டி லைட்டுல வெளிச்சம் மெத்துனு விழும். ஆனா நாலு பல்பும் நாலு நிறத்துக்கு எரியும்," என்றார் கடைக்காரர். "பலகையை எடுத்துக்கம்மா. விலை கம்மிதான், ஆனா தோல் நிறத்தை உள்ளபடி காட்டும். என் லைட்டு பொய் சொல்லாது."

மலிவான பலகை விளக்குகள் முகத்தில் பச்சை பாய்ச்சும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதனால்தான் இந்தச் சோதனை. கேமரா தானாக எதையும் திருத்திவிடாதபடி நிறத்தை நிலையாக நிறுத்தி, முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளையும் பிடிக்கச் சொன்னாள். ஸ்டூடியோவில் நாள் முழுக்க அவளுக்கு இதுதான் வேலை. கல்யாணப் படங்களில் மஞ்சள் பூத்த முகங்களைக் கணினியில் திருத்துவாள். மருந்துக் குழாய் மாதிரி ஒரு சின்னக் குறியை எடுத்துப் படத்தில் உள்ள வெள்ளையான எதையாவது தொட்டால் போதும். சட்டை, பல், தலையணை உறை, எதுவானாலும் சரி. அதை வைத்துப் படமே தன் நிறத்தைத் திருத்திக்கொள்ளும். விளக்கில் குறை இல்லாமல் வெள்ளை வெள்ளையாகவே விழுந்திருந்தால் எதுவும் மாறாது. கணவர் அதற்கு 'சொட்டு மருந்து' என்று பெயர் வைத்திருந்தார்.

கேமராவின் சின்னத் திரையில் அவர் முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

"என்ன அண்ணே இது? முகத்துல ரத்தமே இல்லாத மாதிரி காட்டுது உங்க லைட்டு."

"லைட்டுல குறை இல்லம்மா."

"வேர்வை வேற மினுங்குது பாருங்க."

"இந்த லைட்டு சூடே ஆகாதே," என்றார் கடைக்காரர், கொஞ்சம் ரோஷமாக.

அவள் போய்க் கைக்குட்டையால் கணவரின் நெற்றியை ஒற்றினாள். சில்லென்று இருந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"தாடை கடுக்குது. பல்லுவலி வரப்போகுது போல," என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கிக்குங்க. அப்புறம் பல்லைப் பிடுங்கினாலும் சரி."

"உன் கரிசனத்துக்கு ஒரு கும்பிடு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"ஒரு நிமிஷம். கேமரா ஓடிட்டிருக்கு, அசையாதீங்க."

அவர் அசையவில்லை.

விளக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னாள். தள்ளியும் சாம்பல் போகவில்லை. பக்கவாட்டில் திருப்பச் சொன்னாள். கண்ணுக்குக் கீழே நிழல்தான் கூடியது. "நல்லா உட்கார்ந்திருக்கீங்க, அப்படியே இருங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, "இது ஒத்து வராது அண்ணே. பொட்டி லைட்டையே போடுங்க, பார்க்கலாம்," என்று கடைக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் முணுமுணுத்தபடி பெட்டி விளக்கை இழுத்துவரப் போனார்.

"சரி, இப்ப அசையலாம்," என்றாள்.

முதலில் தாள்தான் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனது, அங்கே ஒரு பெண் டாக்டர் அவள் தோளில் கை வைத்தது, கடைக்காரர் யார் யாருக்கோ போன் செய்தது எல்லாம் அவளுக்குப் பக்கத்து அறையில் நடப்பதுபோல் கேட்டன. டாக்டர் சொன்னதற்கு, "ஞாயித்துக்கிழமை படப்பிடிப்பு இருக்கு," என்று பதில் சொன்னாள். சொன்னது தான்தான் என்பதே பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். டியூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. கோடு ஓடுமே என்று நினைத்தாள். பிறகு, எதில் ஓடும் என்று யோசித்தாள்.

வாசலில் அவருடன் வேலை பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றியபடியே, "முந்தாநாள் கூட பத்து மாடி ஏறி இறங்கினாரேய்யா," என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

நாத்தனார் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"நீ கூடத்தானே இருந்த?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"எதிர்ல நின்னு அவன் முகத்தைத்தானே பாத்துட்டிருந்த?"

"ஆமா."

"முகத்துல ஒண்ணுமே தெரியலையா உனக்கு? முகத்தைப் பார்க்கறதுதானேம்மா உன் வேலையே?"

குத்திக்காட்டிய கேள்வி அல்ல. நாத்தனார் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் வாயைத் திறந்தாள். "லைட்டு..." என்றாள். நேற்றிலிருந்து அவளும் அந்த ஒரு சொல்லைத்தான் பற்றிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் வந்தார். கடையில் விட்டுவிட்டு வந்த கேமராப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். கணவரின் காலருகே கொஞ்ச நேரம் நின்றார். பையை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவர், நாத்தனாரின் பார்வை இன்னும் அவள் மீதே இருப்பதைக் கண்டு நின்றார்.

"அந்த லைட்டு சரியில்லைங்க," என்றார் நாத்தனாரிடம். "நேத்து இந்தம்மா எடுத்த உடனே கண்டுபிடிச்சுச்சு. நான்தான் வியாபாரம் போயிடுமேன்னு மறுத்துப் பேசினேன். அதுல யார் உட்கார்ந்தாலும் முகம் அப்படித்தான் காட்டும். பயில்வான் வந்து உட்கார்ந்தாலும் நோயாளி மாதிரிதான் தெரிவான். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "பச்சை அடிக்குதுல்ல?" என்றாள்.

"ஆமாம்மா. பச்சை அடிக்குது."

நாத்தனார் கை நீட்டி அவளைத் தன்னருகே இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து இப்போதுதான் அவளுக்கு மூச்சு நெஞ்சு வரைக்கும் இறங்கியது.

"நல்லதா ஒரு போட்டோ வேணும்மா," என்றாள் நாத்தனார் சற்று நேரம் கழித்து. "மாட்டி வைக்கணும். ஊரார் முகத்தையெல்லாம் திருத்துறவ, வீட்டுக்காரன் படம் ஒண்ணு கூட உருப்படியா வச்சிருக்க மாட்டியே."

உண்மைதான். கேமராவைக் கண்டாலே லிஃப்டுக்குள் நுழைந்துகொள்கிற மனுஷன். அவராக இசைந்து உட்கார்ந்தது நேற்று ஒருநாள்தான்.

படுக்கையறையில் கணினியைத் திறந்து, கேமராவை அதில் சொருகினாள். நேற்றைய படத்தின் முதல் நொடிகளிலேயே அவர் இருந்தார். 'வீட்ல பழகின வேஷம்தானே' என்று சொல்லி முடித்து, உதட்டோரம் சிரிப்பு இன்னும் போகாமல். அங்கே நிறுத்தினாள். நல்ல படம். முகம் மட்டும் சாம்பலாக இருந்தது. நிறம்தானே, திருத்திவிடலாம். இதைவிட மோசமான விளக்கில் எடுத்ததையெல்லாம் திருத்தியிருக்கிறாள்.

மருந்துக் குழாய்க் குறியை எடுத்து, கன்னத்தோரம் இருந்த வெள்ளைத் தாளில் வைத்து அமுக்கினாள்.

படம் அப்படியே இருந்தது.

சரியாக அமுக்கவில்லையோ என்று தாளின் வேறொரு மூலையில் வைத்து அமுக்கினாள். பிறகு நடுவில். தாள் தாளாகவே இருந்தது, வெள்ளைவெளேரென்று. அதை ஒட்டிக் கன்னம்.

"என்னம்மா, கிடைச்சுதா?" கூடத்திலிருந்து நாத்தனார் கேட்டாள். "முகம் தெளிவா இருக்கா?"

"இருக்கு அண்ணி," என்றாள்.

விரல் இன்னொரு முறை அமுக்கியது.