இராமசாமி தட்டச்சு செய்கிறார்

1

இந்தக் கதை எனக்குச் சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் கிடைத்தது. நிவேதிதா சொல்லச் சொல்ல, வந்த ரயில்களை விட்டுக்கொண்டே நின்றோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சந்தேகம் கேட்கவும் தொண்டூழியர்கள் பதில் சொல்லவும் 'கைத்துணை' என்றொரு வாட்ஸ்அப் குழுவை அவள் நடத்துகிறாள்.

முதல் வரியாக இதை எழுதினேன்: கிராஞ்சியின் வானம் அன்று ஏனோ

வேண்டாம். வானத்துக்கும் பிரபாகரின் கைக்கும் சம்பந்தமில்லை.

2

பிரபாகர் கிராஞ்சியில் தங்குவிடுதியில் இருக்கும் கட்டுமான ஊழியர். ஒரு மாலை குழுவில் எழுதினார்: "உள்ளங்கையில கம்பி குத்திடுச்சு. வீங்குது. டாக்டர்கிட்ட போனா சூப்பர்வைசர் திட்டுவாரா?"

பதில்கள் கொட்டின. மஞ்சள் வை என்றார் ஒருவர். ஊசி போடு என்றார் இன்னொருவர். தொண்டூழியர் யாமினி சட்டத்தைச் சொல்லி ஆங்கிலச் சுட்டி ஒன்றை அனுப்பினாள். இன்னொரு தொண்டூழியர் இராமசாமி நீளமாக ஒரு பதில் எழுதினார். பிறகு மஞ்சளைப் பற்றியே இருவர் சண்டை பிடித்தார்கள்.

"சரிங்க, நன்றி" என்று எழுதிவிட்டுப் பிரபாகர் குழுவை விட்டு வெளியேறினார்.

நிவேதிதா அழைத்தாள். எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் விடாமல் அழைத்தாள். எடுத்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். சீழ் கட்டி, கையைக் கீறியிருந்தார்கள். ஒரு விரல் மடங்கவில்லை.

"எல்லாரும் நல்லதுதான் சொன்னாங்க மேடம். எதைச் செய்யறதுன்னுதான் தெரியல."

3

(இங்கே ஒரு காட்சி எழுதி அழித்தேன். கட்டுப்போட்ட கையோடு பிரபாகர் வந்து எல்லோருக்கும் பாடம் சொல்கிறார்; எல்லோரும் தலைகுனிகிறார்கள். தொண்டூழியர்களுக்கு வைத்த பயிற்சிக்கு நிவேதிதா அவரைக் கூப்பிட்டது உண்மைதான். "ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் மேடம் தூங்க முடியும்" என்றார் அவர். அவரைத் தூங்க விடுவோம்.)

4

இராமசாமியிடம் எனக்குச் சிக்கல். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முதலில் அவரை அதிகப்பிரசங்கியாக எழுதினேன். நிவேதிதா ஒப்பவில்லை. மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லாதவர், ஒவ்வொரு பதிலையும் அனுப்புமுன் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாராம். அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

ஞாயிறு காலை, ஃபேரர் பார்க்கில் ஓர் உணவகம். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் கைப்பேசியில் தட்டுவதுதான் பயிற்சி. முறை வந்தவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நிவேதிதா 'எனக்குக் காய்ச்சல்' என்று அனுப்பினாள். இராமசாமி மாத்திரை, கஞ்சி, ஈரத்துணி என்று ஒரு பத்தியே அனுப்பினார்.

"அங்கிள், எனக்கு எத்தனை நாளா காய்ச்சல்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கூட யாராவது இருக்காங்களா?"

இராமசாமி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். முன்னால் இருந்த தே தாரிக் டீ ஆறியது. யாமினி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லதுதானே சொன்னேன், லா? அப்ப நான் எழுதறதெல்லாம் வேணாமா?"

"வேணும் அங்கிள். கேட்டதுக்கப்புறம் வேணும்."

அவர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பி, "இன்னொரு தடவ அனுப்பும்மா" என்றார்.

5

அடுத்த வாரம், ஒரு மதியம். இராமசாமியின் முறை. பாசிர் ரிஸில் வீட்டுவேலை செய்யும் பாப்பம்மாள் எழுதுகிறார்: "அண்ணே, காலையிலேருந்து தலை சுத்துது."

மற்றவர்கள் படித்துவிட்டார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. அலுவலகத்தில் நிவேதிதா திரையையே பார்க்கிறாள். 'இராமசாமி தட்டச்சு செய்கிறார்' என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இன்னொன்றில் அந்தப் பழைய பத்தியே வந்து விழுந்தது. மூன்றாவதில் யாமினி பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்து

மூன்றையும் அழித்துவிட்டேன். கதை எப்படி முடிந்தால் பாப்பம்மாளுக்கு என்ன? அவர் அடுப்படித் தரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இராமசாமியின் விரல் இன்னும் தயங்குகிறது. அடுத்த வரி உங்களுடையது.

கொஞ்சம் சீக்கிரம்.