அப்பா நடந்த நாலாயிரம் அடிகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கலை, தரிசனம் என்று எதையாவது தேடிக் களைத்துப்போகாதீர்கள்.

அப்பாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினேன். அவர் நடக்கும் அடிகளை எண்ணி அது என் போனுக்கு அனுப்பும். இனி கவலையே வேண்டாம் என்றது விளம்பரம். ஒரு நாளில் ஐந்நூறு அடிக்குக் குறைந்தால் போன் அலறும். நான் அப்பாவிடம் அலறுவேன்.

2

"முழங்கால் வலியை வென்று அந்த முதியவர் மெல்ல எழுந்து..."

(அடித்துவிட்டேன். அப்பா எதையும் வெல்லவில்லை.)

மறுபடியும். இரண்டே வாரத்தில் அப்பா தினம் நாலாயிரம் அடி நடந்தார். மாலைதோறும் போனில் சபாஷ் போட்டேன். டாக்டரும் பூரித்துப்போய், நடைப்பயிற்சி கொடுப்பவர் இனி வரவேண்டாம் என்றார்.

3

சென்ற செவ்வாய் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அப்பா நாற்காலியில், வெறும் கையோடு. அவரைப் பார்த்துக்கொள்ள நிறுவனம் அனுப்பிய அக்கா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டை அக்காவின் மணிக்கட்டில். அந்த நேரம் பார்த்து என் போன் சிணுங்கியது: 'உங்கள் தந்தை நடக்கிறார்.'

கத்தினேன். (என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.) அக்கா பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவளத் திட்டாத. நான்தான் கட்டிக்கச் சொன்னேன்," என்றார் அப்பா. "அவ நடக்கிறா, நான் உக்காந்திருக்கேன், நீ சந்தோஷமா இருக்க. முன்னெல்லாம் போன் பண்ணினா, சாப்பிட்டீங்களான்னாவது கேப்ப."

4

முடிவு ஒன்று: அப்பா எழுந்து நடக்கிறார். (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: டாக்டரிடம் உண்மையைச் சொல்கிறேன். பயிற்சி மறுபடி தொடங்கும். ஆனால் பட்டை, டாக்டர், அக்கா எல்லாம் ஒரே நிறுவனம். அக்காவை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். தன்னைக் குளிப்பாட்ட அப்பா விடுவது அவர் ஒருவரைத்தான்.

முடிவு மூன்று: வாயை மூடிக்கொள்கிறேன். அப்பாவின் கால்கள் அந்த நாற்காலியிலேயே...

(இதை முடிக்க என்னால் ஆகாது.)

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் கேட்கிறது: 'இந்த வார அடிகள் சரியானவையா? ஆம். இல்லை.' மூன்றாவதாக ஒரு பொத்தான் வைக்க எந்த மகராசனுக்கும் தோன்றவில்லை. நாளை காலை டாக்டர் பார்ப்பார்.

எனக்குக் கை வரவில்லை. இந்தாருங்கள் போன், நீங்களே அழுத்துங்கள். அதற்கு முன் அப்பாவைக் கூப்பிட்டு, சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டால், இதையும் போனில் ஏற்றி எண்ணப்போகிறாயா என்பார்.